வெள்வேலம்பட்டையும் பெங்களூர் விஸ்கியும்

கோவையிலிருந்து கரூர் போகும் நெடுஞ்சாலையும் திருப்பூரிலிருந்து தாராபுரம் போகும் சாலையும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஊர் அவிநாசிபாளையம். விடிகாலையில் பனியன் கம்பெனி வேன்கள் வடக்கே திருப்பூரை நோக்கி ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடும். கிழக்கே காங்கயத்தின் எண்ணெய் ஆலைகளுக்குக் கொப்பரை லாரிகள் போகும். சாலையை விட்டு விலகிக் கொஞ்ச தூரம் நடந்தால் வேறொரு நாடு. கிளுவை முள்வேலி போட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள், கொழுக்கட்டைப் புல், புல்லுக்கு நடுவே வெள்வேல மரங்கள், வரப்போரம் பனைகள், வாய்க்கால் தண்ணீர் பாயும் இடங்களில் தென்னந்தோப்பு.

வெள்வேலத்தை இன்று மாட்டுக்கு நிழல் தரும் மரமாகவும், அதன் காயை ஆட்டுத் தீனியாகவும் மட்டுமே பெரும்பாலோர் அறிவார்கள். அதன் பட்டைக்கு ஒரு பழைய தொழில் உண்டு. வெல்லமோ கருப்பட்டியோ கரைத்த ஊறல் பானையில் இந்தப் பட்டையை இடித்துப் போடுவார்கள். பட்டையின் துவர்ப்பு, கரைசலில் கலங்கி நிற்கும் புரதப் பொருளைத் திரட்டி அடியில் படியவைக்கும். ஊறல் தெளிந்த பிறகு அடுப்பேற்றி ஆவி பிடித்தால் சாராயம். எந்த மரத்தின் பட்டை, எத்தனை நாள் ஊற வேண்டும், எந்தப் பக்குவத்தில் இறக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கற்ற அறிவு அது. போலீஸ் குற்றப்பத்திரிகையில் 'ஊறல் அழிப்பு' என்ற இரண்டு சொற்களாக மட்டுமே இப்போது அது எஞ்சியிருக்கிறது.

இதே காலத்தில், சேலம், ஓசூர் வழியாக ஒரு பகலில் போய்ச் சேரக்கூடிய இடத்தில், நம்மைப் போன்றே வெயில் காயும் ஒரு தக்காணத்து ஊரில், நான்கைந்து வயதே ஆன ஓர் இளம் விஸ்கி உலகத்தின் மரியாதையைப் பெற்றுவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

பெங்களூர்–மைசூர் சாலையில் கும்பலகோடு. அங்கே இருக்கிறது அம்ருத் டிஸ்டில்லரீஸ். 1948-இல் ராதாகிருஷ்ண ஜக்தாளே தொடங்கிய நிறுவனம். பல்லாண்டுகள் மற்ற இந்திய ஆலைகளைப் போலவே ரம்மும் பிராந்தியும் தயாரித்தார்கள். இந்தியாவில் விஸ்கி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி, கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்தோ மலிவு தானியத்திலிருந்தோ எடுத்த வாசனையற்ற சாராவியில் (ஸ்பிரிட்டில்) நிறமும் மணமும் சேர்த்தது. ஐரோப்பியச் சட்டப்படி கழிவுப்பாகிலிருந்து எடுத்ததை விஸ்கி என்ற பெயரில் விற்கவே முடியாது. அம்ருத் நிறுவனம் 1980-களில் பார்லி மால்ட்டிலிருந்தும் சாராவி வடிக்கத் தொடங்கியது. அப்போதைக்கு அது மற்ற சரக்குகளில் கலப்பதற்காக மட்டுமே.

மால்ட் என்றால் வேறொன்றுமில்லை. வீட்டில் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் முளைகட்டி, காயவைத்து, குழந்தைக்குக் கஞ்சி மாவு அரைக்கிறோமே, அதே வேலையைப் பார்லிக்குச் செய்வது. முளைக்கும்போது தானியத்துக்குள் நொதிகள் விழித்துக்கொண்டு மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் திறனைப் பெறுகின்றன. முளைவிட்ட தானியத்தை உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் கரைத்தால் இனிப்பான சாறு. ஈஸ்ட் சேர்த்தால் புளிக்கும். செம்புக் கொப்பரையில் இரண்டு முறை காய்ச்சி ஆவியைக் குளிர்வித்துப் பிடித்தால் கண்ணாடி போன்ற சாராவி. அதை ஓக் மரப் பீப்பாயில் உறங்கவைக்க வேண்டும். முழுக்க முழுக்கப் பார்லி மால்ட்டிலிருந்து, ஒரே வடிசாலையில் இப்படி உருவானதே சிங்கிள் மால்ட். ஸ்காட்லாந்துச் சட்டம் குறைந்தது மூன்று ஆண்டு பீப்பாயில் இருக்க வேண்டும் என்கிறது. அங்கே மதிப்புப் பெறுவது பெரும்பாலும் 10, 12, 18 ஆண்டுச் சரக்கு.

நிறுவனர் ராதாகிருஷ்ணரின் பேரன் ரக்‌ஷித் ஜக்தாளே இங்கிலாந்தின் நியூகாசிலில் மேலாண்மை படித்துக்கொண்டிருந்தபோது, இந்திய சிங்கிள் மால்ட்டை பிரிட்டனில் விற்க முடியுமா என்பதையே தன் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். தந்தை நீலகண்ட ராவ் ஜக்தாளே கொடுத்த யோசனை அது. 2004 ஆகஸ்டில் கிளாஸ்கோவில், ஸ்காட்லாந்துக்காரர்களின் வாசற்படியிலேயே, அம்ருத் சிங்கிள் மால்ட் அறிமுகமானது. முதல் சில ஆண்டுகள் வாங்க ஆளில்லை. இந்தியச் சரக்கு என்றாலே முகம் சுளிப்பார்கள். பிறகு 'அம்ருத் ஃப்யூஷன்' வந்தது. முக்கால் பங்கு இந்தியப் பார்லி, கால் பங்கு பீட் (சதுப்புநிலக் கரி) புகை ஏறிய ஸ்காட்லாந்துப் பார்லி. ஜிம் மரே தொகுக்கும் விஸ்கி நூலின் 2010-ஆம் ஆண்டுப் பதிப்பு அதற்கு நூற்றுக்கு 97 மதிப்பெண் கொடுத்து, உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று வரிசைப்படுத்தியது. அதன் பிறகே அது பெங்களூர்க் கடைகளில் விற்பனைக்கு வந்தது. சொந்த ஊர்க்காரனுக்குக் கடைசியில் கிடைத்த சரக்கு.

வயது குறைந்த இந்த விஸ்கி முதிர்ந்த சுவை பெற்றதற்குக் காரணம் வெயில். பீப்பாய்க்குள் இருக்கும் சாராவி, வெப்பம் ஏறும்போது விரிந்து மரத்தின் நுண்துளைகளுக்குள் புகும். குளிரும்போது மரத்தின் நிறத்தையும் மணத்தையும் வாங்கிக்கொண்டு திரும்பும். ஸ்காட்லாந்தின் குளிரில் இந்தப் போக்குவரத்து மிக மெதுவாக நடக்கிறது. பெங்களூரில் ஓட்டமாக நடக்கிறது. விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு 2 சதவீதம் அளவே ஆவியாகிப் போகும் பீப்பாய்ச் சரக்கு, பெங்களூரில் 10 முதல் 12 சதவீதம் வரை போய்விடுகிறது. தேவதைகள் குடிக்கும் பங்கு என்று ஸ்காட்லாந்தில் அதைச் செல்லமாகச் சொல்வார்கள். எட்டு ஆண்டு வைத்திருந்து அம்ருத் வெளியிட்ட ஒரு சரக்குக்குப் 'பேராசைத் தேவதைகள்' என்றே பெயர் வைத்தார்கள்.

அம்ருத் திறந்த வழியில் பலர் வந்தார்கள். பெங்களூரின் ஜான் டிஸ்டில்லரீஸ் கோவாவில் வடித்த 'பால் ஜான்' 2012-இல் வந்தது. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் 2016-இல். ஹரியானாவின் 'இந்திரி' வெளியாகி ஓரிரு ஆண்டுக்குள், அதன் தீபாவளிச் சிறப்புப் பதிப்பு 2023-இல் அமெரிக்கப் போட்டி ஒன்றில் முதலிடம் பெற்றது. இமயமலைச் சாரலில் கசௌலியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எட்வர்ட் டயர் தொடங்கிய சாராய ஆலையின் தொடர்ச்சியும் இந்த வரிசையில் சேரும். அந்த டயரின் மகனே ஜாலியன்வாலா பாக்கில் சுடச் சொன்னவன். இந்திய மதுவின் வரலாறு எத்தனை கசப்பான வழியெல்லாம் கடந்து வந்திருக்கிறது என்பதற்காக இதையும் சொல்ல வேண்டும்.

இப்போது நம் வரப்புக்குத் திரும்புவோம்.

கொங்கு நாட்டில் பதநீரைத் தெளுவு என்பார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் தெளுவு. தடவாமல் கட்டினால், காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் வேலை செய்து சில மணி நேரத்தில் கள். பனையில் தை மாதம் தொடங்கி ஆறேழு மாதம் பருவம். தென்னையில் ஆண்டு முழுக்க இறக்கலாம். காலையும் மாலையும் மரமேறி, பாளையின் நுனியை அரிவாளால் மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழமாகச் சீவினால் பாளை வீணாகும், சீவாமல் விட்டால் ஊற்று அடைபடும். இந்தக் கைப்பழக்கம் வர ஆண்டுகள் பிடிக்கும். எந்தச் செம்புக் கொப்பரையையும்விட நுட்பமான கருவி மரமேறியின் மணிக்கட்டு என்பேன்.

இந்தத் தொழிலை ஒரே நாளில் யாரும் வெட்டிச் சாய்க்கவில்லை. 1886-இல் வந்த மதராஸ் ஆப்காரிச் சட்டம் கள் மரத்துக்கு வரி போட்டது. சாராயத்தை ஊர்க் கொப்பரைகளிடமிருந்து எடுத்து, ஒப்பந்தம் பெற்ற பெரிய ஆலைகளிடம் கொடுத்தது. நெல்லிக்குப்பத்தில் கரும்பாலையோடு சாராய ஆலையும் நடத்திய கம்பெனியின் பெயரே கிழக்கிந்திய டிஸ்டில்லரீஸ்; இன்றைய ஈ.ஐ.டி. பாரி. ஊர்ப் பானையில் வடித்தது குற்றமாயிற்று, ஆலையில் வடித்தது வருமானமாயிற்று.

மது ஒழிப்பின் வரலாற்றிலும் கொங்கு நாட்டுக்கே முன்வரிசை. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் தெருவில் நின்றார்கள். கள்ளுக்குப் பயன்படக்கூடாது என்று பெரியார் தம் தோப்பில் 500 தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். 1937-இல் ராஜாஜி அரசு முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். 1948-இல் அது மாகாணம் முழுக்கப் பரவியது. 1971-இல் தளர்ந்தது, 1974-இல் திரும்ப வந்தது, 1981-இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் கடைகள் மறுபடி திறந்தன. 1987 ஜனவரி 1 முதல் இரண்டும் தடை. இடையில் 1990–91-இல் மலிவு விலைச் சாராயம் சில காலம் வந்து போனது. கள் திரும்பவே இல்லை.

கள் போனாலும் மது போகவில்லை. 1983-இல் மொத்த வியாபாரத்துக்குத் தொடங்கிய டாஸ்மாக், 2003-இல் சில்லறைக் கடைகளையும் கையில் எடுத்தது. 2023–24-இல் மதுவால் மாநிலத்துக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அவிநாசிபாளையத்துக்காரர் ஒருவர் இன்று சட்டப்படி குடிக்க நினைத்தால் அவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஆலையில் எடுத்த சாராவியில் மணம் சேர்த்த பாட்டில். அதில் அவர் ஊர்ப் பனை இல்லை, தென்னை இல்லை. பொள்ளாச்சி, உடுமலை, காங்கயம் தென்னை விவசாயிகள் 2016 முதல் சுருள் வெள்ளை ஈயாலும் விலைச் சரிவாலும் மாறி மாறி அடிபட்டார்கள். 2017-இல் அரசு தென்னையில் நீரா இறக்க அனுமதித்தது. புளிக்காமல் இருக்க ஐஸ் பெட்டியில் பிடித்துக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டிய பானம் அது. குளிர்சாதனச் செலவைத் தாங்கக்கூடிய பெரிய உழவர் கம்பெனிகளுக்கு ஓரளவு உதவியது. ஐந்து மரம் வைத்திருப்பவருக்கு உதவவில்லை.

கள்ளை அனுமதிக்கச் சொல்லித் தமிழ்நாடு கள் இயக்கம் பல ஆண்டுகளாகப் போராடுகிறது. அதன் ஒருங்கிணைப்பாளர் செ. நல்லசாமியின் வாதம், கள் மது அன்று, உணவு என்பது. இதில் அவரோடு என்னால் முழுக்க உடன்பட முடியவில்லை. புளித்த கள்ளில் ஆல்கஹால் உண்டு. குடிப்பவரின் வீட்டில் அது என்ன செய்யும் என்பதை மறைத்துவிட்டு உணவு என்று பெயர் சூட்டுவது நேர்மையாகாது. கள்ளில் வேறொரு சிக்கலும் உண்டு. காலையில் இனிக்கும், மாலையில் போதை தரும், மறுநாள் காடியாகும். ஒரு நாளுக்குள் விற்றாக வேண்டும் என்ற நெருக்கடியே தண்ணீர் கலக்கவும், கலந்ததை மறைக்க மயக்க மருந்து சேர்க்கவும் வழி செய்தது. குளோரல் ஹைட்ரேட் கலந்த கள் தென்னிந்தியாவில் பல குடும்பங்களைச் சிதைத்திருக்கிறது.

கும்பலகோடு நமக்குச் சொல்லித்தருவது இந்த இடத்தில்தான் உதவும். விஸ்கி காலத்தைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்ட பானம். கள்ளுக்கு எதிரி காலம். கள்ளை உடனே காய்ச்சி வடித்துவிட்டால் அந்த நெருக்கடி போய்விடும். வடித்ததை அளக்கலாம், சோதிக்கலாம், பூட்டி வைக்கலாம், அவசரமில்லாமல் விற்கலாம்.

இதைக் கற்பனையில் தேட வேண்டியதில்லை. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் தமிழர்களே செய்து பார்த்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் திக்கம் என்ற ஊரில் பனைச் சாராய வடிசாலை இருக்கிறது. கள் இறக்கும் தொழிலாளர்கள் அங்கே பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினர்கள். இறக்கிய கள்ளைச் சங்கம் அளந்து வாங்கும். ஒரு பகுதி தவறணை என்னும் கள்ளுக்கடைகளில் விற்பனையாகும். மிஞ்சுவது திக்கத்துக்கு வடிக்கப் போகும். போரும் பணமுடையும் நிர்வாகச் சிக்கலும் அந்த வடிசாலையை வாட்டியிருக்கின்றன, மூடிக் கிடந்த காலமும் உண்டு. ஆனாலும் மரமேறி, சங்கம், வடிசாலை என்ற சங்கிலி அங்கே சட்டத்துக்குள் நிற்கிறது. பருவத்தில் அளவுக்கு மீறி ஊறும் கள் வீணாவதில்லை என்பதே தொழிலாளிக்குப் பெரிய தெம்பு.

இலங்கையின் தென்மேற்குக் கரையில் இது இன்னும் பெரிய தொழில். தென்னை உச்சிகளைக் கயிற்றால் இணைத்து, கீழே இறங்காமலேயே மரத்துக்கு மரம் நடந்து கள் சேகரிக்கிறார்கள். அன்றன்றே வடிசாலைக்குப் போகிறது. வடித்ததை ஹல்மில்லா என்னும் உள்நாட்டு மரத்தால் செய்த பெரிய தொட்டிகளில் முதிரவைக்கிறார்கள். கோவாவில் முந்திரிப் பழச் சாராயமான ஃபெனி 2009-இல் புவிசார் குறியீடு பெற்றது. 2016-இல் அந்த மாநிலம் அதைத் தன் மரபுப் பானமாக அறிவித்தது. மத்தியப் பிரதேசம் பழங்குடி மக்கள் வடிக்கும் இலுப்பைப்பூச் சாராயத்துக்கு மரபு மது என்ற தனிவகை உரிமம் கொடுத்திருக்கிறது.

ஸ்காட்லாந்தின் கதையும் இதேதான். இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் கிளென்லிவெட் பள்ளத்தாக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் கள்ளச்சாராயப் பள்ளத்தாக்கு. வரிக்குப் பயந்து மலை இடுக்குகளில் ஊரே திருட்டுத்தனமாக வடித்தது. 1823-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரியைக் குறைத்து, சிறு வடிசாலைகளுக்கு எட்டும் கட்டணத்தில் உரிமம் கொடுத்தது. அடுத்த ஆண்டே ஜார்ஜ் ஸ்மித் என்பவர் அங்கே உரிமம் வாங்கினார். சட்டத்துக்குள் வருவதை எதிர்த்த அக்கம்பக்கத்தாரின் மிரட்டலுக்குப் பயந்து கைத்துப்பாக்கிகளோடு நடமாடினார். வடிந்து வரும் சாராவி பித்தளைச் சட்டமிட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் விழும். அந்தப் பெட்டியின் சாவி நெடுங்காலம் அரசு அதிகாரியின் கையில் இருந்தது. அளவும் பூட்டும் பதிவேடும் சேர்ந்தபோதே ஸ்காட்லாந்தின் மரபு பிறந்தது.

சட்டத்துக்கு வெளியே தள்ளியதால் என்ன ஆகும் என்பதை நாம் கள்ளக்குறிச்சியில் பார்த்தோம். 2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் குடித்தது வெள்வேலம்பட்டை போட்டு ஊறவைத்த சாராயம் இல்லை. தொழிற்சாலை மெத்தனால் கலந்த விஷம். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை முதலில் எரிக்கும். ஊறல் போட்டுப் பொறுமையாக வடிக்கும் அறிவு அழிந்த இடத்தில் கேனில் வாங்கிய ரசாயனம் வந்து உட்கார்ந்தது.

அதனால் நாளையே ஊருக்கு ஊர் கள்ளுக்கடை திறக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவிநாசிபாளையத்துக்கு மேற்கே பல்லடம் தாண்டினால் சாமளாபுரம். 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றம் நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை மூடச் சொன்னதால், 2017-இல் கடைகள் ஊருக்குள் இடம் தேடின. சாமளாபுரத்துப் பெண்கள் சாலையில் உட்கார்ந்து தடுத்தார்கள். அந்தப் போராட்டத்தில் ஒரு பெண்ணைக் காவல் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்த காட்சியைத் தமிழகமே பார்த்தது. நூல் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் வாரக்கூலி வாங்கும் குடும்பங்களில் சனிக்கிழமைச் சம்பளம் எங்கே போகிறது என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். அவர்களின் கோபத்துக்குப் பதில் சொல்லாத எந்த மரபுப் பேச்சும் வெற்றுப் பேச்சே.

நான் கேட்பது சிறியது. கொங்கு மண்டலத்தில் ஒரே ஒரு வடிசாலை, சோதனை முயற்சியாக. உரிமை மரமேறிகளும் தென்னை, பனை விவசாயிகளும் சேர்ந்த கூட்டுறவுச் சங்கத்துக்கு. குடிக்கக் கள் விற்பனை கிடையாது. இறக்கிய கள் முழுவதும் அதே நாளில் கொப்பரைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு வடிப்பும் அரசு ஆய்வகத்தில் சோதனையாகி, கலால் துறைப் பூட்டுக்குள் இரண்டு மூன்று ஆண்டு மரத்தொட்டியில் முதிர வேண்டும். வெயில் நாட்டில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்பதை பெங்களூர் காட்டிவிட்டது. கள்ளிலிருந்து வடித்ததை முதிரவைக்கத் தேவை ஓக் மரம்தானா, நம்மூர் மரம் எதுவும் பொருந்துமா என்பதைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஆராயலாம். சரக்கு இந்த மாவட்டத்தின் டாஸ்மாக் கடைகளுக்கு வரவே வேண்டாம். திருப்பூர் பனியனைப் போல அது கப்பலேறட்டும். அயல்நாட்டு அங்காடியில் நல்ல விலைக்குப் போகட்டும். விலையின் பங்கு மரமேறியின் கூலியாகத் திரும்பட்டும்.

இதற்குக் காலக்கெடு இருக்கிறது. 2021-இன் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் விநியோகிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம். விதைத்த பனை பாளை விட ஏறத்தாழ பதினைந்து ஆண்டு ஆகும். 1987-இல் இருபது வயதில் மரம் ஏறிக்கொண்டிருந்தவர் இன்று அறுபதை நெருங்குகிறார் அல்லது தாண்டிவிட்டார். அவர் மகன் திருப்பூரில் கட்டிங் மாஸ்டராகவோ செக்கிங்கிலோ இருப்பார். விதைத்த பனைகள் பாளை விடும் காலத்தில் அவற்றைச் சீவத் தெரிந்தவர் வேண்டும் என்றால், தெரிந்தவர் உயிரோடிருக்கும்போதே கற்றுக்கொடுக்கச் சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும். வடிசாலை அனுமதிக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. இதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. தெளுவு இறக்குவது இன்றும் சட்டப்படி செய்யக்கூடியதே.